பழைய பாம்டொப்பை விற்க முன்

வெளிநாட்டிலிருந்து வந்துபோன சொந்தக்காரர் விட்டுச் சென்ற பெட்டிகளுக்குள் என்னென்ன கிடக்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பாவிக்காத கமரா, அலைவரிசை பிடிக்காத ரேடியோ, எந்தப் பிளக்குக்கும் பொருந்தாத சார்ஜர்கள். அவற்றுக்குள் எச்.பி. 200எல்.எக்ஸ். என்று எழுதிய, முந்நூறு கிராம் அளவான, மூடித் திறக்கும் சின்னக் கணினி ஒன்று அகப்பட்டால், ஒட்டுசுட்டான் பக்கம் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் அதை நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் 1991இல் 95எல்.எக்ஸ்., 1993இல் 100எல்.எக்ஸ்., 1994இல் 200எல்.எக்ஸ். என்று வரிசையாக இந்தப் பாம்டொப்களை வெளியிட்டது. 1999இல் உற்பத்தியை நிறுத்தியது. டொஸ் இயங்குதளமும் லோட்டஸ் 1-2-3 கணக்குத்தாளும் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும். இரண்டு பென்ரோச் பற்றரியில் வாரக்கணக்கில் ஓடும். (அதே ஆண்டுகளில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரவே தடை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002இல்தான் எடுபட்டது. இந்தக் கருவி அன்று இங்கு வந்திருந்தால் அலங்காரப் பொருளாகத்தான் இருந்திருக்கும்.) இதற்கு ஈடாக வேறொன்று வரவில்லை என்று நினைப்பவர்கள் உலகம் முழுவதும் இன்னும் இதைத் தேடி வாங்குகிறார்கள். விலை இருக்கும் இடத்தில் ஏமாற்றுக்காரரும் இருப்பார்.

முதலில், கருவி உங்களுடையதா? மாமா விட்டுவிட்டுப் போனார் என்பது அவர் தந்துவிட்டார் என்பதற்குச் சமமல்ல. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க முடியாது என்பது பொதுச் சட்டம். "அதை நீ வித்துக்கொள்" என்று அவரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வைத்தால் போதும். வாங்குபவருக்கும் அது தேவை. களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவின்கீழ் குற்றம்.

அடுத்தது எழுத்து. நம் பக்கத்தில் மாடு விற்றாலும் மோட்டார் சைக்கிள் விற்றாலும் முதலில் வாய்ப்பேச்சுத்தான். ஆனால் இலங்கையின் 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வாய்ப்பேச்சுக்கு ஓர் எல்லை போட்டிருக்கிறது. பொருளில் ஒரு பகுதியையாவது வாங்குபவர் ஏற்றுக் கையில் பெற்றிருக்க வேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியையாவது கொடுத்திருக்க வேண்டும், அல்லது கையெழுத்திட்ட ஒரு குறிப்பு இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் இல்லாத விற்பனை ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது. "நாளைக்கு வந்து எடுக்கிறேன், வேற ஆருக்கும் குடுக்க வேண்டாம்" என்று தொலைபேசியில் சொன்னவருக்காக மூன்று மாதம் காத்திருந்தால் அந்த இழப்பு உங்களோடுதான். முற்பணம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் எழுத்து ஆகுமா என்றால், 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் பதிவுகளை அங்கீகரிக்கிறது. ஆகவே பேரம் முடியும்வரை செய்திகளை அழிக்காதீர்கள்.

அந்தக் கட்டளைச் சட்டத்திலேயே இன்னொன்றும் உண்டு. விவரிப்பை நம்பி வாங்கப்பட்ட பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். அரிய பொருளில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 200எல்.எக்ஸ். 1, 2, 4 மெகாபைட் நினைவகங்களோடு வந்தது. எது என்பதைப் பொறுத்து விலை மாறும். மூடியின் கீல் ஓரத்தில் பிளாஸ்டிக் வெடிப்பது இதன் பரம்பரை நோய். பற்றரி கசிந்து தகடு பச்சை பிடித்திருக்கலாம், திரையில் கோடு விழுந்திருக்கலாம், யாராவது உள்ளே கைவைத்து வேகத்தைக் கூட்டியிருக்கலாம். இவற்றையெல்லாம் எழுதிப் படமும் எடுத்து அனுப்புங்கள். "இருக்கிற நிலையிலேயே விற்கிறேன்" என்ற வரி, தெரிந்துகொண்டே பொய் சொன்னவரைக் காப்பாற்றாது.

துணைப் பொருட்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கணினியோடு இணைக்கும் கேபிளின் ஒரு முனை இந்த வகைக் கருவிகளுக்கென்றே செய்யப்பட்டது, முல்லைத்தீவிலும் கிடைக்காது, கொழும்பிலும் கிடைக்காது. 12 வோல்ட் அடப்டர் அசல்தானா, வேறேதும் பொருத்திப் பாவித்ததா? கையேடு, தோலுறை, பெட்டி, நினைவகக் காட் எத்தனை? "எல்லாச் சாமான்களோடும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர் பிறகு தன் வாயாலேயே அகப்படுவார்.

இப்போது நான் அதிகம் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். இந்தக் கருவியில் தொலைபேசிப் புத்தகம், நாட்குறிப்பு, வரவுசெலவு எழுதும் பொக்கெட் குவிக்கன் எல்லாம் இருந்தன. தொண்ணூறுகளில் ஐரோப்பாவில் வேலை செய்த ஒருவர் அதில் என்ன எழுதியிருப்பார்? யாருக்கு எப்போது எவ்வளவு காசு அனுப்பினார், யார் எந்த விலாசத்தில் இருக்கிறார். பெயர்ப்பட்டியல் ஒன்று வேற்றுக் கைக்குப் போவதன் பாரம் வன்னியில் இருப்பவர்களுக்கு விளங்கும். கருவிக்குள் இருப்பவை பற்றரியின் தயவில் நிற்கின்றன. இரண்டு பென்ரோச் பற்றரியும் உள்ளே இருக்கும் காசு வடிவ லித்தியம் பற்றரியும் ஒருமிக்க இல்லாமல் போனால் அழிந்துவிடும். அவற்றையும் அடப்டரையும் கழற்றி நீண்ட நேரம் விட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பக்கவாட்டில் செருகும் பிளாஷ் காட் அப்படியல்ல, பற்றரி இல்லாமலே பத்திரமாக வைத்திருக்கும். டொஸ்ஸில் ஒரு கோப்பை அழித்தால் பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்துத்தான் மாறுகிறது, எழுதியது அப்படியே கிடக்கும், மீட்கத் தெரிந்தவர் மீட்டுவிடுவார். காட்டை முழுவதும் வேறு தரவால் நிரப்பி மேலெழுதுங்கள். முடியாவிட்டால் காட் இல்லாமல் விற்றுவிடுங்கள், விலை கொஞ்சம் குறையட்டும். அழிக்க முன் உரியவரிடம் ஒரு பிரதி வேண்டுமா என்று கேட்பது மரியாதை.

காசு வாங்குவதற்கு உங்கள் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் போதும். தொலைபேசிக்கு வரும் ஓ.ரி.பி. இலக்கத்தைக் கேட்பவர் காசு தர வரவில்லை, எடுக்க வருகிறார். அனுப்பியதாகக் காட்டும் படத்தைச் சில நிமிடத்தில் செய்துவிடலாம். கணக்கில் காசு விழுந்ததை உங்கள் வங்கியில் நீங்களே பார்த்த பிறகுதான் பார்சல் ஒட்டுசுட்டான் சந்தியைத் தாண்ட வேண்டும். காசோலை என்றால் அது மாறும்வரை பொறுங்கள். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை வேறொரு கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒருவர் சொன்னால் உடனே வங்கிக்குப் போங்கள். அந்தக் காசு இன்னொருவரிடம் அடித்ததாக இருக்கலாம், விசாரணை உங்கள் கணக்கில்தான் தொடங்கும்.

வெளிநாட்டில் வாங்குபவர் பேபால் என்பார். இலங்கையிலிருந்து அதில் காசு செலுத்தலாம், பெறுவதற்கு நெடுங்காலமாக வழி இருக்கவில்லை. யாரோ தெரியாதவரின் கணக்கை இரவல் வாங்காமல் வங்கி வழியே பெறுவது நல்லது. தனி லித்தியம் பற்றரிகளைச் சர்வதேசத் தபாலில் போட முடியாது. பென்ரோச் பற்றரியையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். உள்நாட்டுக்குப் பதிவுத்தபால் அல்லது பற்றுச்சீட்டுத் தரும் கூரியர். பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிடும் நம் பழக்கம் பலாப்பழத்துக்குச் சரி.

ஏமாற்றப்பட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு. பிறகு பொலிஸ் நிலையம். ஏமாற்றிப் பொருளைக் கைப்பற்றுவது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் வருகிறது. ஓ.ரி.பி. வாங்கிக் கணக்குக்குள் புகுந்தால் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் சேரும். இணைய மோசடிக்கு ஆலோசனை கேட்க ஸ்ரீ லங்கா சேர்ட் எனும் கணினிப் பாதுகாப்பு அமைப்பின் 101 இலக்கம் இருக்கிறது. கடையில் வாங்கிய பொருள் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம். அந்தச் சபையின் சட்டம் வியாபாரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது, வீட்டுச் சாமான் ஒன்றை ஒருமுறை விற்றவரின் தகராறுக்கு அது உரிய இடமல்ல.

குற்றம் என்று சொல்ல முடியாத பிணக்குகள், அதாவது கீல் வெடித்திருந்தது, கேபிள் வரவில்லை என்பன, 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. சிறு தொகை வழக்குகளில் நீதிமன்றமே அந்தச் சபையின் இணங்காமைச் சான்றிதழைக் கேட்கும் என்பதால் அதைத் தாண்டிப் போகவும் முடியாது. வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பொலிஸ் முறைப்பாடு தமிழில் எழுதப்பட வேண்டும். வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என்பதை அரசியலமைப்பு சொல்கிறது. விளங்காத மொழியில் எழுதியதை மொழிபெயர்த்து வாசித்துக் காட்டும்படி கேளுங்கள், அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். செய்திகளின் அச்சுப்படி, வங்கிக் கூற்று, பார்சல் பற்றுச்சீட்டு, நீங்கள் எழுதிய சாமான் பட்டியல் ஆகியவற்றின் பிரதியைக் கொடுத்து, மூலத்தை வீட்டில் வைத்திருங்கள்.