பத்து சென்ட் சுலபம்... ஒரு ஏக்கர் கஷ்டம்!

குட்டீஸ்... தேனி மாவட்டம், கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிப் பக்கம் போயிருக்கிறீர்களா? எங்கே பார்த்தாலும் திராட்சைப் பந்தல்தான். 2023ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் பூமி இது. அங்கே, 'தோட்டம் எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள். ஏக்கர், சென்ட் கணக்கில்தான் பதில் வரும்.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். இதென்ன விசித்திரமான எண் என்கிறீர்களா? இங்கிலாந்தின் எட்மண்ட் கன்ட்டர், 1620ல் நிலம் அளக்க 66 அடி நீளச் சங்கிலி ஒன்றை அறிமுகப்படுத்தினார். ஒரு சங்கிலி அகலம், பத்து சங்கிலி நீளம் இருந்தால் அது ஓர் ஏக்கர். அதாவது, 66 × 660 அடி.

சரி, பத்து சென்ட் நிலத்தைச் சதுரமாக அளந்து வேலி போட வேண்டும். பரப்பு 4,356 சதுர அடி. 66 × 66 = 4,356. ஆக, ஒரு பக்கம் 66 அடி. வேலை முடிந்தது!

இப்போது ஓர் ஏக்கரைச் சதுரமாக்குவோம். பரப்பு பத்து மடங்கு என்பதால், பக்கம் 66 × √10 அடி. கால்குலேட்டரில் போட்டால் 208.7103255... என்று திரை நிரம்பிவிடும். பெரிய கம்ப்யூட்டரில் போட்டாலும் இது முடியாது.

'1/3 கூடத்தான் 0.333... என்று முடியாமல் போகிறது' என்பீர்கள். ஆனால், அதில் ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. 22/7ஐ வகுத்தால் 142857 என்ற ஆறு இலக்கங்கள் அதே வரிசையில் சுற்றிச் சுற்றி வரும். பின்னமாக எழுத முடிகிற இவை, விகிதமுறு எண்கள். √10 எந்தப் பின்னத்திலும் அடங்காது. அதன் இலக்கங்கள் இப்படிச் சுற்றி வருவதும் இல்லை. அது, விகிதமுறா எண்.

எப்படி அவ்வளவு உறுதி? பூஜ்ஜியங்களை எண்ணினால் போதும்!

30ன் வர்க்கம் 900. 1,200ன் வர்க்கம் 14,40,000. கடைசியில் உள்ள பூஜ்ஜியங்கள் இரட்டிப்பாகின்றன, பார்த்தீர்களா? எனவே, எந்த முழு எண்ணின் வர்க்கத்திலும் கடைசிப் பூஜ்ஜியங்கள் இரட்டைப்படையில்தான் இருக்கும். அல்லது ஒன்றுமே இருக்காது. √10 ஒரு பின்னம் என்றால், தொகுதியின் வர்க்கமும், பகுதியின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி வருவதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஆனால், பத்தால் பெருக்கும்போது ஒரு பூஜ்ஜியம் கூடி, எண்ணிக்கை ஒற்றைப்படை ஆகிவிடுமே! ஒரே எண்ணுக்கு இரண்டும் எப்படிப் பொருந்தும்?

அதற்காக வேலி போடாமல் இருக்க முடியுமா? 208 அடி, எட்டரை அங்குலம் என்று அளந்தால் ஒரு சதுர அடி கூடக் குறையாது. சதுரம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால், 132 × 330 அடி என்று நீள்சதுரமாக அளக்கலாம். துளி மிச்சம் இல்லாமல் ஓர் ஏக்கர் வந்துவிடும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 1 சென்ட், 40 சென்ட், 90 சென்ட் நிலங்களைச் சதுரமாக்கினால், எதன் பக்கம் விகிதமுறா எண்?

(விடை: 1 சென்ட் மட்டும். 40 சென்டுக்கு 132 அடி, 90 சென்டுக்கு 198 அடி.)