ஆங்கில, உஸ்பெக் மொழிகளில் உடலுறுப்பு மரபுத்தொடர்கள்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

ஆங்கிலம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஜெர்மானியக் கிளையையும், உஸ்பெக் துருக்கியக் குடும்பத்தின் கார்லுக் கிளையையும் சார்ந்தவை. இவ்விரு மொழிகளும் தலை, கை, இதயம், ஈரல் முதலிய உறுப்புகளைக் கொண்டு மனநிலையையும் குணத்தையும் உணர்த்துகின்றன. எனினும், உறுப்பு ஒன்றாயினும் அதன்மீது ஏற்றப்படும் பொருள் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்வேறுபாட்டை இக்கட்டுரை மூன்று நிலைகளில் விளக்குகிறது.

உறுப்பும் பொருளும் ஒத்தவை

வாரி வழங்குபவரை ஆங்கிலம் 'ஓப்பன் ஹேண்டட்' என்றும், உஸ்பெக் 'கோலி ஓச்சிக்' என்றும் குறிக்கின்றன. இரண்டுக்கும் 'கை திறந்தவர்' என்பதே நேர்ப்பொருள். மூடிய கை கொடுக்காது என்னும் பொதுவான உடலனுபவமே இவ்வொற்றுமைக்கு அடிப்படை எனலாம்.

பொருள் ஒத்து உருவகம் வேறுபட்டவை

களவுப் பழக்கமுடையவர் ஆங்கிலத்தில் 'லைட் ஃபிங்கர்டு', அதாவது விரல் இலேசானவர். உஸ்பெக்கில் 'கோலி எக்ரி', அதாவது கை கோணியவர். முன்னது திறமையையும் பின்னது நேர்மையின்மையையும் சுட்டுகின்றன. பெருமகிழ்ச்சியை உஸ்பெக் 'போஷி ஓஸ்மோங்கா யெத்தி' (தலை வானை எட்டியது) என்கிறது. ஆங்கிலமோ மகிழ்ந்தவரை ஒன்பதாம் மேகத்தில் ஏற்றுகிறது. உயரம் இரண்டிலும் உண்டு; உறுப்பு ஒன்றில் மட்டுமே உண்டு.

உறுப்பு ஒத்துப் பொருள் மாறுபட்டவை

உஸ்பெக்கில் 'யுரக்' என்பது இதயம்; 'சிஸ்' என்பது இன்மைப் பொருள் தரும் விகுதி. எனவே 'யுரக்சிஸ்' என்பது அமைப்பில் ஆங்கில 'ஹார்ட்லெஸ்' என்பதற்கு நிகரானது. ஆனால் ஆங்கிலச் சொல் இரக்கமற்றவரையும், உஸ்பெக் சொல் கோழையையும் குறிக்கின்றன. ஆங்கில இதயத்துக்கும் 'லயன் ஹார்ட்டட்' என்னும் தொடரில் துணிவு உண்டு. எனினும் இன்மை விகுதி சேரும்போது நீங்குவது இரக்கமே. ஈரலின் நிலையும் இத்தகையதே. பாரசீகக் கடன்சொல்லான 'ஜிகர்' உஸ்பெக்கில் உடன்பிறந்தாரையும் அன்புக்குரியாரையும் அழைக்கும் சொல்லாக வழங்குகிறது. ஆங்கிலத்தின் 'லிலி லிவர்டு' கோழையைப் பழிக்கும் சொல்லாகும்.

முடிவுரை

முதல் வகையைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். இரண்டாம் வகைக்கு நிகரான தொடரைத் தேட வேண்டும். மூன்றாம் வகையே மிகுந்த இடர் தருவது. அதன் நேர்ப்பெயர்ப்பு வழுவற்ற தொடராக அமைந்துவிடுவதால், பிழை படிப்பவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அஞ்சிய சிறுவன் கொடியவனாகிவிடுகிறான். உஸ்பெக் படைப்பொன்று ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வருமாயின், அப்பிழையும் உடன் வரும். ஆகவே இருமொழி அகராதிகள் உறுப்பின் பெயரோடு, அவ்வுறுப்பு அம்மொழியில் எப்பண்பின் இருப்பிடம் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும்.