மருந்தை வெளியே தள்ளும் சோடியம்

திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரையில் 2024 ஜூலையில் ஒரு விடுதியில் தலைகாட்டிய காலராவுக்குக் காரணமான விப்ரியோ காலரே, கழிமுகங்களின் உவர்நீரில் வாழப் பழகிய பாக்டீரியா என்பதால், உப்பைத் தாங்குவதோடு நில்லாமல் அதை ஆற்றலாகவும் பயன்படுத்துகிறது. சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு அது சோடியம் அயனிகளைச் செல்லுக்கு வெளியே ஓயாமல் அனுப்புவதால், வெளியே சோடியம் மிகுந்தும் உள்ளே குறைந்தும் போகிறது. செல்சவ்வின் உட்புறம் எதிர்மின் தன்மையும் பெறுவதால், நெய்யாறு அணையில் தேங்கிய நீரைப் போல, வெளியிலுள்ள சோடியம் வழி கிடைத்தால் உள்ளே பாயும் நிலையில் நிற்கிறது. இதுவே அயனிச் சரிவு.

அந்த வழியைத் திறக்கும் புரதங்களுள் ஒன்று நார்எம். கடல் உணவால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸில் 1998இல் முதலில் அறியப்பட்ட இது, சவ்வில் பதிந்திருந்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே வாய் திறக்கிறது. உள்வாய் திறந்திருக்கையில் நார்ஃப்ளாக்சசின் போன்ற மருந்து மூலக்கூறு அதில் ஒட்டுகிறது. பின் வடிவம் மாறி வெளிவாய் திறக்க, அங்கே சோடியம் வந்து பற்றுவதால் மருந்தின் பிடி தளர்ந்து அது வெளியேறுவதாகக் கருதப்படுகிறது. சோடியம் உள்ளே இறங்கியதும் புரதம் அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாகிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி இதில் நேரடியாகச் செலவாவதில்லை. குடல்வாழ் ஈ.கோலையின் ஏசிஆர்பி பம்போ சோடியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அயனிகளின் சரிவால் இயங்குகிறது.

பம்பு ஒன்றே மருந்தை முற்றிலும் தோற்கடித்துவிடும் என்பது மிகை. நார்ஃப்ளாக்சசின் அடங்கிய ஃப்ளூரோகுவினலோன் வகை மருந்துகளை விப்ரியோ எதிர்ப்பதற்கு, மருந்து தாக்கும் நொதிகளில் நேரும் மரபணு மாற்றமே பெரிதும் காரணம். பம்பு செல்லுக்குள் மருந்தளவைக் குறைத்து, அத்தகைய மாற்றம் நேரும்வரை பாக்டீரியாவுக்கு அவகாசம் தருகிறது. மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்பதைப் பிடிக்கக் கேரள அரசு 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ சோதனைகளைத் தொடங்கியதன் பொருத்தம் இங்கே விளங்கும். தேவையற்ற ஒவ்வொரு மருந்தும் இத்தகைய பம்புகள் மிகுந்த பாக்டீரியாக்களையே தேர்ந்து வளரவிடுகிறது.

ஆனால் காலராவில் உயிர்காப்பது முதன்மையாக ஆன்டிபயாடிக் அன்று, ஓஆர்எஸ் கரைசல். நோயாளியின் குடற்செல்லும் சோடியச் சரிவையே நம்பியிருக்கிறது. எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்துப் புரதம் சோடியத்தோடு குளுக்கோஸையும் உள்ளே இழுக்க, நீரும் பின்தொடர்கிறது. கிருமி எத்தனை மருந்தை வெளியே தள்ளினாலும் இந்த வழி அடைபடுவதில்லை. இரண்டும் சேர்ந்தே உள்ளே செல்வதால்தான் உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவையில் ஒரு லிட்டருக்குச் சோடியமும் குளுக்கோஸும் சம அளவில், தலா 75 மில்லிமோல் வீதம் உள்ளன.