பிரெஞ்சு விருந்தும் பாட்டியின் வடகமும்



ஜொகூரில் வாழும் நமக்கு ‘லக்சா ஜொகூர்’ புதிதன்று. திருநாள்களிலும் திருமண விருந்துகளிலும் மலாய் அன்பர்கள் அதை நமக்குப் பரிமாறியிருப்பார்கள். மீனையும் தேங்காய்ப் பாலையும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான குழம்பு. அந்தக் குழம்பின் அடியில் இருப்பது அரிசி மாவில் செய்த நூல் அன்று. இத்தாலி நாட்டு ஸ்பகெட்டி. 1862 முதல் 1895 வரை ஜொகூரை ஆண்டு, இடையில் சுல்தான் பட்டம் பெற்ற அபூ பக்கார், ஐரோப்பியப் பயணத்தில் அதைச் சுவைத்துத் தம் அரண்மனை லக்சாவில் சேர்க்கச் செய்தார் என்பது இங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அயல்நாட்டுப் பண்டம் உள்ளே வந்தது. ஆனால் கையால் பிசைந்து உண்ணும் பழக்கம் போகவில்லை. இன்று அதை இத்தாலிய உணவு என்று எவரும் சொல்வதில்லை. ஜொகூரின் உணவு என்றே சொல்கிறோம்.

அப்படியானால் ஓர் உணவு எப்போது ஒரு மக்களுக்கு உரியதாகிறது? அது பிறந்த இடத்தாலா? சமைக்கும் கையாலா? சூட்டிய பெயராலா? இந்தக் கேள்வியை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். இதை என்னிடம் கொண்டு வந்தவள் என் பழைய மாணவி ஒருத்தி.

எங்கள் தோட்டப் பள்ளியில் படித்த அந்தப் பெண் இப்போது பல்கலைக்கழகத்தில் பயில்கிறாள். 4 வாரக் குறுகிய காலப் படிப்பு ஒன்றுக்காகப் பிரான்சு நாட்டுக்குச் செல்லும் வாய்ப்பு அவளுக்குக் கிட்டியது. பிரெஞ்சு உணவும் பண்பாட்டு அடையாளமும் என்பது பாடத்தின் பொருள். செய்தியைச் சொல்ல ஒரு மாலை தன் பாட்டியுடன் வீட்டுக்கு வந்தாள். பாட்டி வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவியவர்.

“ஏன் வாத்தியாரய்யா, சாப்பாட்டைப் படிக்கவா இம்புட்டுத் தூரம் பிளேன் ஏறிப் போவணும்?” என்று பாட்டி கேட்டார்.

பேத்தியின் கவலை வேறு. “சார், போறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் நம்ம வீட்டுச் சாப்பாட்டைப் பத்தி ஒரு பக்கம் எழுதி அனுப்பணுமாம். ‘கறி’ன்னு எழுதினேன். அதுக்கு மேல ஒரு வரிகூட ஓடல” என்றாள். அவள் கையிலிருந்த தாளில் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

நேயர்களே, அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. அவளுக்கு ஆறு ஆண்டு பாடம் சொன்னவர்களில் நானும் ஒருவன் அல்லவா?

முதலில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் உணவை எவ்வாறு நோக்குகிறார்கள் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பிரெஞ்சு மக்களின் விருந்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டியலில் ஏறியது குறிப்பிட்ட ஒரு பதார்த்தம் அன்று. விருந்து என்னும் முறை. பிறந்தநாள், திருமணம், பிரிந்தவர் கூடுதல் ஆகிய வேளைகளில் உறவினர் ஒன்றாக அமர்வது. மேசையை அழகுற அமைப்பது. முன்னுணவு, பிறகு மீனோ இறைச்சியோ காய்கறியுடன், அதன் பின் பாலாடைக்கட்டி, இறுதியில் இனிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுவது. உண்ணும்போதே உணவைப் பற்றிப் பேசி மகிழ்வது. இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்த மரபு.

நம் வாழையிலைக்கும் இப்படி ஓர் ஒழுங்கு உண்டல்லவா? உப்பும் ஊறுகாயும் எங்கே வைப்பது, சாம்பாருக்குப் பின் ரசம், ரசத்துக்குப் பின் மோர் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். வேறுபாடு என்னவென்றால், அவர்கள் தங்கள் முறையை எழுதி வைத்தார்கள்.

அதுமட்டுமன்று, பெயருக்கும் காவல் வைத்தார்கள். ரோக்ஃபோர் என்னும் பாலாடைக்கட்டியின் பெயரை 1925-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்து காத்தார்கள். 1993-ஆம் ஆண்டு ஆணை ஒன்று, ‘பிரெஞ்சு மரபு ரொட்டி’ என்று விற்கப்படுவதன் மாவை எந்த நிலையிலும் உறைய வைக்கக் கூடாது என்றது. கோதுமை மாவு, நீர், உப்பு, புளிக்க வைக்கும் பொருள் ஆகியவையே அதற்கு அடிப்படை. 1998-ஆம் ஆண்டுச் சட்டமோ, மாவைத் தாமே பிசைந்து, புளிக்க வைத்து, உருட்டி, விற்கும் இடத்திலேயே சுடுபவர்தான் தம் கடைக்கு ‘புலாஞ்ஜெரி’, அதாவது ரொட்டிக்கடை, என்று பலகை மாட்டலாம் என்று வகுத்தது. தமிழ்நாட்டிலும் இத்தகைய காவல் வந்துள்ளது. பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை நேயர்கள் அறிந்திருக்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, “ஒரு பக்கம் எழுதுவதற்கு என்னிடம் வராதே, அம்மா. உன் பாட்டியிடம் போய் உட்கார்” என்றேன்.

மூன்று மாலைகள் அவள் பாட்டியோடு உட்கார்ந்தாள். அப்போதுதான் மீன் குழம்பின் மணத்துக்குக் காரணம் மீன் அன்று, தாளிக்கும் வடகம் என்பது அவளுக்குத் தெரிந்தது. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, கடுகு, சீரகம், வெந்தயம், உளுத்தம்பருப்பு, மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, பல நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். மாலையானால் எடுத்து வைக்க வேண்டும். மறுநாள் மீண்டும் பிசைந்து உருட்ட வேண்டும். நம் ஊரிலோ ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை. ஆகவே பாட்டி மழைக்கு முன்பே ஆண்டுக்கு வேண்டியதைப் போட்டு, டின்னில் அடைத்து வைத்துக்கொள்வார். லயத்து வாசலில் முறம் காய்ந்த காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடிச் செய்த வேலை அது. இப்போது குடும்பம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. முறம் சன்னல் ஓரத்தில் காய்கிறது; செய்யும் கை இரண்டுதான்.

இவற்றையெல்லாம் அவள் எழுதினாள். ஒரு பக்கம் நான்கு பக்கமானது.

பயணம் முடிந்து வந்தவள் இரண்டு செய்திகளைக் கொண்டு வந்தாள். முதலாவது, ஒரு ரொட்டிக்காரரின் கதை. பாரிஸ் மாநகராட்சி ஆண்டுதோறும் தலைசிறந்த மரபு பகெத் ரொட்டிக்குப் போட்டி நடத்துகிறது. பகெத் என்பது கோல் போன்ற நீண்ட ரொட்டி. அதைச் செய்யும் கைத்திறனையும் 2022-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2023-இல், பாரிஸ் போட்டியில் முதலிடம் பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. வென்றவருக்கு ஓராண்டுக் காலம் பிரெஞ்சு அதிபரின் மாளிகைக்கு ரொட்டி வழங்கும் சிறப்பும் உண்டு. சட்டம் போட்டுக் காக்கும் ரொட்டியை, கடல் கடந்து வந்த ஒருவர் கற்றுத் தேர்ந்து, அந்நாட்டின் தலைவர் மேசைக்கே அனுப்பினார். மரபு என்பது பிறப்பால் வருவது மட்டும் அன்று. முறையைக் கற்று, அதற்கு உண்மையாக உழைப்பவருக்கும் அது உரியதாகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இரண்டாவது, ஒரு சிறிய புட்டி. மசாலைப் பொருள் விற்கும் கடை ஒன்றில் அதைக் கண்டாளாம். மேலே ஒட்டிய சீட்டில் ‘வடுவான்’ என்று பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்ததும் பாட்டியின் சமையற்கட்டு நினைவுக்கு வந்துவிட்டதாம்.

அது வேறொன்றுமில்லை, நம் வடகம்தான். ‘வடவம்’ என்றும் நம்மவர் சொல்வார்கள் அல்லவா? அந்தச் சொல் பிரெஞ்சு நாவில் ‘வடுவான்’ ஆயிற்று. புதுச்சேரியில் 1674-ஆம் ஆண்டில் பிரான்சுவா மர்த்தேன் காலூன்றியது முதல், 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் வரும் வரை, இடையிடையே ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பிடித்துக்கொண்ட காலம் நீங்கலாக, அங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்தது. அவ்வளவு காலமும் பிரெஞ்சுக்காரர் வீட்டு அடுப்படியில் தமிழ்க் கைகள் இருந்தன. அங்கிருந்துதான் வடவம் கப்பலேறியது. இன்று பெரிய பிரெஞ்சு உணவகங்களில் மீனுக்கும் சிப்பிக்கும் அதைத் தூவுகிறார்கள்.

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறியது வடவம் மட்டும் அன்று. 1848-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்த பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கான தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவுக்குச் சென்றனர். அமெரிக்கக் கண்டத்தின் அருகே மார்த்தினிக் தீவில் முதற்கப்பல் 1853-ஆம் ஆண்டு மே மாதத்தில் சேர்ந்தது; அதற்கு அடுத்த ஆண்டு குவாதலூப். மார்த்தினிக் தீவுக்கு 25,000-க்கும் மேற்பட்டோர், குவாதலூப் தீவுக்கு 42,000-க்கும் மேற்பட்டோர் சென்றதாகக் கணக்கு. நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்த கதைக்கு இது உடன்பிறந்த கதை.

அத்தீவுகளில் தமிழ், வீட்டு மொழியாக ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆனால் அடுப்படியைப் பாருங்கள். ரீயூனியனில் முருங்கைக் கீரைக்கு இன்றும் ‘முருங்’ என்றுதான் பெயர். ஆட்டிறைச்சியில் செய்யும் விருந்துக் குழம்பு ‘மசாலே’. சோற்றோடு தொட்டுக்கொள்ளும் காரமான ‘ருகாய்’, நம் ‘ஊறுகாய்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் சேர்த்து இடித்த பொடிக்கு ‘கொலொம்போ’ என்று பெயர். கொழும்பு நகரின் பெயர் என்பாரும் உண்டு. ‘குழம்பு’ என்னும் சொல்லே என்பாரும் உண்டு. அங்கே அது தமிழர் உணவாக மட்டும் நிற்கவில்லை. தீவு மக்கள் அனைவரின் உணவாகிவிட்டது. தாய்மொழியில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத கொள்ளுப்பேரனும், சாப்பிட உட்காரும்போது தன்னை அறியாமல் தமிழ்ச் சொல்லை உச்சரிக்கிறான்.

இதைக் கேட்டு மகிழ்வதா, வருந்துவதா? இரண்டும் வேண்டும் என்பேன். அடுப்படி கடைசிவரை நம்மைக் கைவிடாது என்பது மகிழ்ச்சி. அடுப்படி மட்டும் எஞ்சினால் போதாது என்பது எச்சரிக்கை. நம் மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. சொல்லையும் சுவையையும் ஒன்றாகக் கொடுக்கும் பேறு நமக்கு இன்னும் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ ஏற்றபோது, நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் இடம்பெற்றன. பல இனத்தவர் ஒரே மேசையில் அமரும் நம் நாட்டின் முகம் அது. அந்த மேசைக்கு நம் வீட்டிலிருந்து எதைக் கொண்டு வந்தோம் என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

ஆகவே, அயல்நாட்டுக்குப் படிக்கச் செல்லும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். குறுகிய காலப் படிப்பில் ஒரு நாட்டின் சமையலைக் கற்றுவிட முடியாது. கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளலாம். இந்தப் பண்டத்தின் பெயர் எங்கிருந்து வந்தது? யார் கை செய்தது? எந்த நாளில், யாரோடு உண்பது? சமைத்தவருக்கு அந்த மேசையில் இடம் இருந்ததா? இந்த நான்கையும் முதலில் சொந்த வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். வெளிநாட்டுக்குப் போக வாய்ப்பில்லாதவர்களுக்கும் இதே பாடம்தான். ஒரு குறிப்பேடும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, விடுமுறையில் பாட்டியின் அருகே அமருங்கள். ‘ஒரு பிடி’, ‘கொஞ்சம்’ என்று அவர் சொன்னால், அந்தப் பிடியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டி என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். பேத்தி நீட்டிய பிரெஞ்சுப் புட்டியை வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, முகர்ந்து பார்த்தார்.

“பேரு நம்மளுதுதான். ஆனா விளக்கெண்ணெய் வாசமே இல்ல. வெயில்லயும் காயல, அடுப்புல காஞ்சிருக்கு” என்றார். பிறகு பேத்தியைப் பார்த்து, “மழை வரதுக்குள்ள வெங்காயம் வாங்கிட்டு வா. இந்த வருஷம் நீ உருட்டு” என்றார்.

அந்த ஆண்டு வடகத்தில் ஓர் உருண்டை என் வீட்டுக்கும் வந்தது. ஒழுங்கான வட்டம் இல்லை. மணம் மட்டும் சரியாக இருந்தது.