அந்த லாரியை அனுப்பியது யார்?

சாலை அரசாங்கத்தினுடையது. லாரி ஏதோ ஒரு போக்குவரத்துக் கம்பெனியினுடையது. அதற்குப் போய் சூப்பர்மார்க்கெட்டுக்கு ஏன் புகார்க் கடிதம் எழுதுகிறார்கள்? இங்கிலாந்துக் கிராமங்களில் சூப்பர்மார்க்கெட் லாரிகளால் ஓயாமல் நடக்கும் இந்தச் சண்டையைப் பற்றிப் பேச்செடுத்தால், நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் வண்டியைப் பார்த்துவிடுவோம். பிரிட்டனில் ஆறு அச்சுள்ள டிரெய்லர் லாரி சரக்கோடு சேர்த்து 44 டன் வரை போகலாம். வழக்கமான நீளம் 16.5 மீட்டர். அகலம் 2.55 மீட்டர். பாலும் இறைச்சியும் ஏற்றும் குளிர்பதன வண்டி என்றால் சுவர் தடிமனுக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்து 2.6. இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் இந்தக் கணக்கில் வராது.

இனி ஊர். டெவன் பக்கமும் காட்ஸ்வால்ட்ஸ் பக்கமும் இருக்கிற கிராமச் சாலைகள் பலவும் பொறியாளர் கோடு போட்டு அமைத்தவை அல்ல. குதிரை வண்டியும் ஆட்டு மந்தையும் போன தடத்தின் மேல் பிற்காலத்தில் தார் ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வீட்டுச் சுவர் சாலை ஓரத்திலிருந்தே எழும்பும். திண்ணை, முற்றம் என்று இடைவெளி எதுவும் கிடையாது. ஐந்து மீட்டர் அகலத் தெருவில் எதிரெதிரே இரண்டு லாரி வந்துவிட்டால் ஒன்று நடைபாதையில் ஏற வேண்டும், அல்லது புல்கரையை அரைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்றாவது வழி, ஒருவர் ரிவர்ஸ் எடுப்பது. 16.5 மீட்டர் டிரெய்லர் லாரியை வளைவுச் சாலையில் பின்னால் எடுப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஓட்டுநர்களைத்தான் கேட்க வேண்டும்.

சாலை கெடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு, அது பலருக்கும் தெரிவதில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், சோதனைக்கென்றே சாலை போட்டு அதில் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அங்கே கிடைத்த விதி இது: ஓர் அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்காவதில்லை, ஏறக்குறைய 16 மடங்காகிறது. நான்காம் அடுக்கு விதி என்பார்கள். பாரம் பத்து மடங்கானால் சேதம் பத்தாயிரம் மடங்கு. காரின் ஓர் அச்சில் முக்கால் டன் என்று வையுங்கள், லாரியின் ஓர் அச்சில் ஏழரை டன். அந்த ஓர் அச்சு ஒருமுறை கடப்பது, கார் அச்சு பத்தாயிரம் முறை கடப்பதற்குச் சமம். ரோடு பள்ளமாகிறது, பள்ளத்தில் சக்கரம் விழும்போது கடகடவென்று சத்தம் வருகிறது, அஸ்திவாரம் ஆழமில்லாத பழைய வீட்டுக்குள் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. தூக்கம் கெட்டவர் பேனாவை எடுக்கிறார்.

சூப்பர்மார்க்கெட் எங்கே வருகிறது? பெரிய கம்பெனிகளின் கடைகளுக்குச் சரக்கு நேராக உற்பத்தியாளரிடமிருந்து வருவது குறைவு. எல்லாம் வட்டாரக் கிடங்குக்கு வந்து, அங்கே கடைவாரியாகப் பிரிந்து, கம்பிக் கூண்டு வண்டிகளில் அடுக்கப்பட்டு லாரியில் ஏறும். லண்டன் பக்கம் ஈழத்தமிழர்கள் நடத்தும் சிறு கடைகளில் முதலாளியே விடியற்காலை மொத்தக் கடைக்கு வேனை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த வேனைப் பற்றி யாரும் கவுன்சிலுக்கு எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. சங்கிலிக் கடைக்கு அது ஆகாது. எந்த நேரத்தில், எவ்வளவு பெரிய வண்டி, எந்த வழியாக என்பதெல்லாம் கிடங்கின் போக்குவரத்து அலுவலகத்தில் முடிவாகிறது. கடை மேலாளருக்கு அதில் பெரும்பாலும் கையே இல்லை. அவரிடம் போய்க் கத்துவது ரேஷன் கடை ஊழியரிடம் அரிசி விலையைப் பற்றிச் சண்டை போடுவது மாதிரி.

சின்னக் கடை வந்தால் சின்ன வண்டிதானே வரும் என்று கிராமத்தார் முதலில் நினைப்பார்கள். அங்கேதான் ஏமாற்றம். 1994-ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம். அதற்குள் அடங்கிய கடைக்குக் கட்டுப்பாடு இல்லை. பெரிய கம்பெனிகளின் சின்னக் கடைகள் அந்த அளவுக்குள் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிடைத்த இடமெல்லாம் விற்பனை அலமாரிக்கே போய்விடும், பின்னறை பேருக்குத்தான். சேமித்து வைக்க இடமில்லாததால் ரொட்டிக்கு ஒரு நடை, பாலுக்கு ஒரு நடை, மற்றவற்றுக்கு ஒரு நடை என்று வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். சரக்கிறக்கத் தனி முற்றம் இல்லாவிட்டால் தெருவிலேயே நிறுத்திவிட்டுக் கூண்டுகளை உருட்டுவார்கள். கருங்கல் தளத்தில் அந்தக் கூண்டு உருளும் சத்தம் லாரியின் இன்ஜின் சத்தத்தைவிட மோசம்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2017 மே மாதம் வரை இங்கிலாந்தில் ஒரு பப்பைக் கடையாக மாற்ற, பொதுவாக, கவுன்சிலின் திட்ட அனுமதி தேவைப்படவில்லை. மூடிக்கிடந்த பப்கள் பல அப்படித்தான் ஒரே வருடத்தில் சங்கிலிக் கடைகளாயின. அனுமதியே கேட்காத இடத்தில் ‘காலை ஏழு மணிக்கு முன் சரக்கு இறக்கக் கூடாது’ என்று நிபந்தனை போட யாருக்கும் வாய்ப்பிருக்காது. ஊரார் விழித்துக்கொண்டபோது பிடித்து நிறுத்தக் காகிதம் எதுவும் இல்லை.

சரி, சாலையில் எடைக் கட்டுப்பாடு போடலாமே என்பீர்கள். போடலாம். 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்குத் தடை என்று வட்டப் பலகை வைத்த ஊர்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் அந்த ஆணை போடும் அதிகாரம் ஊரிலுள்ள பாரிஷ் கவுன்சிலிடம் இல்லை, கவுண்டி கவுன்சில் போன்ற சாலை அதிகார அமைப்பிடம் இருக்கிறது. ஆலோசனை, ஆட்சேபம், விளம்பரம் என்று செலவும் காலமும் பிடிக்கும். எல்லாம் முடிந்து பலகையும் வைத்த பிறகு, அதற்குக் கீழே பெரும்பாலும் ஒரு சின்ன வரி இருக்கும்: அந்தப் பகுதிக்குள் சரக்கு ஏற்ற இறக்க வரும் வண்டிக்கு விலக்கு. கடை ஊருக்குள் இருக்கிறதா? அப்படியானால் கடைக்கு வரும் 44 டன் லாரி சட்டப்படி சரியாகத்தான் வருகிறது. குறுக்கு வழியாக ஊரைக் கடந்துபோகிற வெளி லாரியை மட்டுமே அந்தப் பலகை தடுக்கும்.

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் பர்ஃபோர்டு என்ற பழைய ஊரின் கதை இதில் பாடமானது. சரிவான பெரிய வீதி, அடியில் விண்ட்ரஷ் ஆற்றின் மேல் இடைக்காலத்துக் குறுகிய பாலம். 2020 ஆகஸ்டில் அங்கே 7.5 டன் தடையைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். உள்ளூர்த் தொழில்களுக்கு அனுமதிச் சீட்டும் கொடுத்தார்கள். பர்ஃபோர்டு மூச்சு விட்டது. ஆனால் லாரிகள் ஆவியாகிவிடவில்லை, வேறு வழி பிடித்தன. சுற்றுப்புற ஊர்க்காரர்கள், எங்கள் தெருவுக்குத் தள்ளிவிட்டீர்களே என்றார்கள். லாரி முதலாளிகள் சுற்றிப் போகும் மைல் கணக்கை எடுத்து நீட்டினார்கள். 2022-இல் கவுண்டி கவுன்சில் தடையை நிரந்தரமாக்காமல் கைவிட்டது. பர்ஃபோர்டுக்காரர்கள் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் பக்கத்து ஊர்க்காரன் கேட்டதிலும் தப்பில்லை.

உரிமம் வழியாகப் பிடிக்கலாமா என்று சிலர் பார்ப்பார்கள். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டி வைத்துத் தொழில் செய்ய பிரிட்டனில் இயக்குவோர் உரிமம் வேண்டும். டிராஃபிக் கமிஷனர் என்ற அதிகாரி கொடுப்பார். விண்ணப்பித்தவர் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும், அக்கம்பக்கத்தார் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். ஆனால் அது லாரி இரவில் நிற்கும் கொட்டடியைப் பற்றிய ஆட்சேபம். முப்பது மைல் தள்ளியிருக்கும் உங்கள் தெருவில் அந்த லாரி ஓடுவதைப் பற்றி அங்கே வாதாட முடியாது.

இத்தனை கதவும் பாதி பாதியாகத்தான் திறக்கிறது என்று தெரிந்த பிறகுதான், கடைக்காரனுக்கே எழுதும் யோசனை எவ்வளவு புத்திசாலித்தனமானது என்று புரியும். கவுன்சிலுக்கு ஆணை போட ஆண்டு கணக்கில் ஆகும். கம்பெனியின் போக்குவரத்து அலுவலகம் நினைத்தால் அடுத்த வாரமே வழி மாறும். அவர்களுடைய வண்டி எங்கே எப்போது போனது என்ற பதிவு அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. அவர்களுக்குச் சட்டக் கட்டாயம் இல்லைதான். ஆனால் அந்த ஊர்க்காரர்தான் அவர்களுடைய வாடிக்கையாளர், உள்ளூர்ப் பத்திரிகையில் பெயர் கெட்டால் விற்பனை குறையும். கவுன்சிலுக்கு இல்லாத பயம் கடைக்கு இருக்கிறது.

ஆனால் ‘லாரிகள் வரக் கூடாது’ என்று எழுதினால் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரிப் பதில் வரும். ‘பள்ளி விடும் நேரத்தில் சர்ச் தெரு வழியாக வேண்டாம், பைபாஸ் வழியாக வந்து வடக்கிலிருந்து நுழையுங்கள்’ என்று எழுதினால் யாராவது ஒருவர் வரைபடத்தைத் திறந்து பார்ப்பார். நாள், நேரம், வந்த திசை, வண்டி எண், டிரெய்லரில் இருந்த பெயர் எல்லாம் வேண்டும். டிரெய்லரின் பக்கத்தில் சூப்பர்மார்க்கெட் பெயர் பெரிதாக இருந்தாலும் முன்னால் இழுக்கும் வண்டி ஒப்பந்தக் கம்பெனியினுடையதாக இருக்கலாம். சப்ளையர் அனுப்பிய வேற்று லாரியாகவும் இருக்கலாம். ஓட்டிவந்தவர் காருக்கான ஜிபிஎஸ்ஸை நம்பி ஊருக்குள் மாட்டிக்கொண்ட தற்காலிக ஓட்டுநராகவும் இருக்கலாம். அவரைத் திட்டிப் பயனில்லை. எண் இருந்தால்தான் ‘அது எங்கள் வண்டி இல்லை’ என்ற பதிலைத் தாண்ட முடியும். பல கவுண்டிகளில் ‘லாரி வாட்ச்’ என்ற பெயரில் ஊர்க்காரர்களே நின்று, தடையை மீறும் வண்டிகளின் எண்ணைக் குறித்துக் கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

என்ன கேட்கிறோம் என்பதிலும் நிதானம் வேண்டும். சின்ன லாரி அனுப்பு என்பது பலரின் முதல் கோரிக்கை. சாதாரண டிரெய்லரில் 26 பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) ஏறும். 18 டன் வண்டியில் அதில் பாதி அளவுதான். ஆகவே ஒரு நடை இரண்டு நடையாகும். வளைவுக்கு நல்லது, தூக்கத்துக்கு அல்ல. இரவில் வராதே என்றால் அதே வண்டி காலை எட்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகளோடு வரும். என்னைக் கேட்டால் வழியை மாற்றச் சொல்வது முதலில், நேரத்தை மாற்றச் சொல்வது அடுத்து, வண்டி அளவு கடைசியில்.

இங்கிலாந்தில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கடிதம் எழுதும் முன் கவுன்சிலின் திட்ட அனுமதிப் பதிவேட்டில் அந்தக் கடையைத் தேடிப் பாருங்கள், யாரும் பார்க்கலாம். சரக்கிறக்கும் நேரம் பற்றி நிபந்தனை இருந்தால் நகலெடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள். 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில், கடைகளில் சரக்கு தீராமலிருக்க இந்த நிபந்தனைகளைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று அரசே கவுன்சில்களைக் கேட்டுக்கொண்டது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஒரு நிபந்தனையைப் பத்து ஆண்டு தொடர்ந்து மீறி, அதுவரை யாரும் நடவடிக்கை எடுக்காமல் விட்டால், அதன் பிறகு கவுன்சிலாலும் அதை அமல்படுத்த முடியாது. ஆகவே அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.