நின்றாலும் ஓடும் கடிகாரம்!
மலைச் சாலையில் சைக்கிள் வீரர்களின் 13½ மணி நேரப் போராட்டம்

மும்பையில் இருந்து சொந்த ஊருக்கு ரெயிலில் போகிறவர்களுக்குக் கர்ஜத் நிலையம் நன்றாகத் தெரியும். புனே வழியாகச் செல்லும் ரெயில்கள் அங்கே நிற்கும். வடா-பாவ் விற்கிறவர்கள் ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் ரெயிலின் பின்னால் கூடுதல் என்ஜின்களை மாட்டுவார்கள்.

எதற்காக? அடுத்து வருவது 'போர் காட்' மலைப்பாதை. 1863-ம் ஆண்டு திறக்கப்பட்ட பாதை அது. சில இடங்களில் 37 அடி முன்னே போனால் ஒரு அடி மேலே ஏற வேண்டும். முன்னால் உள்ள என்ஜின் இழுக்க, பின்னால் உள்ள என்ஜின்கள் தள்ள, ரெயில் லோனாவாலா போய்ச் சேரும்.

அதே மலையில் பழைய மும்பை-புனே சாலையும் ஏறுகிறது. ரெயில் பாதையை விட அது செங்குத்தானது. அந்தச் சாலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஏறுகிறவருக்குப் பின்னால் இருந்து தள்ள என்ஜின் கிடையாது. அவர் உடம்புதான் என்ஜின்!

பந்தயம் அல்ல!

இந்த மலைக்குச் சைக்கிள் வீரர்கள் புதியவர்கள் அல்ல. புகழ்பெற்ற மும்பை-புனே சைக்கிள் பந்தயத்தில், மலையை முதலில் ஏறி முடிப்பவருக்கு 'காட்டாச்சா ராஜா' என்று பட்டம். மலைப்பாதையின் ராஜா என்று பொருள்.

ஆனால் 'பிரெவே' என்று ஒரு வகை நெடுந்தூரப் பயணம் இருக்கிறது. பிரான்சு நாட்டில் பிறந்தது. இப்போது மும்பை, புனே, பெங்களூரு, சென்னை என்று பல நகரங்களில் நடக்கிறது. இதில் முதல் பரிசு கிடையாது. இரண்டாம் பரிசும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தவர்கள் எல்லோரும் ஒன்றுதான். பக்கத்தில் வருகிறவர் போட்டியாளர் அல்ல. கடிகாரம்தான் போட்டியாளர்!

200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம். 300 கிலோமீட்டருக்கு 20 மணி. 400-க்கு 27 மணி. 600-க்கு 40 மணி. இந்த நான்கையும் ஒரே ஆண்டில் முடித்தால் 'சூப்பர் ரான்டனர்' என்ற பட்டம் கிடைக்கும்.

புறப்படும்போது ஒரு அட்டை கொடுப்பார்கள். வழியில் குறித்த இடங்களில் அதில் முத்திரை வாங்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் திறக்கும் நேரம், மூடும் நேரம் உண்டு. 100-வது கிலோமீட்டரில் உள்ள இடம், புறப்பட்டதில் இருந்து 6 மணி 40 நிமிடத்தில் மூடப்படும். சீக்கிரம் வந்தாலும் சும்மா விட மாட்டார்கள். 2 மணி 56 நிமிடத்துக்கு முன் வந்தால், திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

உதவிக்குக் கார் கூடவே வரக்கூடாது. பஞ்சர் ஆனால் தானே ஒட்ட வேண்டும். இரவில் முன்விளக்கும் பின்விளக்கும் எரிய வேண்டும். ஒளியைத் திருப்பிக் காட்டும் மேல்சட்டை அணிய வேண்டும்.

கணக்குப் பாருங்கள்!

"200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரமா? மணிக்கு 15 கிலோமீட்டர் கூட இல்லையே! பால்காரர் கூடப் போய்விடுவாரே!" என்று தோன்றும். மலைதான் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது.

10 கிலோமீட்டர் மலை ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 75 நிமிடம். இறங்கும்போது 30 கிலோமீட்டர் வேகம்; 20 நிமிடம். எட்டையும் முப்பதையும் கூட்டிப் பாதியாக்கினால் 19 வருகிறது. ஆனால் உண்மை என்ன? 20 கிலோமீட்டருக்கு 95 நிமிடம் ஆகியிருக்கிறது. அதாவது மணிக்கு 12½ கிலோமீட்டர் சொச்சம்தான். ஏற்றத்தில் விட்ட நேரத்தை இறக்கத்தில் பிடிக்கவே முடியாது!

மீதி 180 கிலோமீட்டரைச் சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 9 மணி நேரம். மலையையும் சேர்த்தால் 10 மணி 35 நிமிடம். இன்னும் 2 மணி 55 நிமிடம் கையில் இருக்கிறது.

இப்போது செலவைப் பாருங்கள். காலைச் சாப்பாடு அரை மணி. மதியச் சாப்பாடு முக்கால் மணி. இரண்டு பஞ்சர் 40 நிமிடம். தேநீர், தண்ணீர், முத்திரை எல்லாம் சேர்த்து அரை மணி. 2 மணி 25 நிமிடம் போய்விட்டது. மிச்சம் 30 நிமிடம்!

எதிர்க்காற்று அடித்து வேகம் 18 ஆகக் குறைந்தால்? சமதரைக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதல். காலை 6 மணிக்குப் புறப்பட்டவர் இரவு 7.30 மணிக்கு முடிக்க வேண்டும். அவர் வந்து சேருவது 8 மணிக்கு. 200 கிலோமீட்டர் மிதித்தும் பயணம் கணக்கில் சேராது!

இதில் காலைக் குறை சொல்லிப் பயன் இல்லை. மதியச் சாப்பாட்டையும் பஞ்சரையும் பாதி நேரத்தில் முடித்திருந்தால் தப்பியிருப்பார். அனுபவசாலிகள் மலையில் முண்டுவது இல்லை. சிறிய கியரில், மூச்சு வாங்காமல், ஒரே சீராக மிதிக்கிறார்கள். நிற்கும் நேரத்தைத்தான் குறைக்கிறார்கள்.

5¼ மணி நேரத்தில் வெற்றி

கடிகாரம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவை மேற்குக் கரையில் இருந்து கிழக்குக் கரை வரை சைக்கிளில் கடக்கும் 'ராம்' போட்டி உலகப் புகழ் பெற்றது. தூரம் சுமார் 4,900 கிலோமீட்டர். ராக்கி மலைத்தொடரையும் தாண்ட வேண்டும். தனி ஆளாகச் செல்பவருக்கு 12 நாள் கெடு.

ராணுவ டாக்டரான ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் 2016-ல் முயன்றார், முடிக்க முடியவில்லை. 2017-ல் மறுபடியும் போனார். 11 நாள் 18 மணி 45 நிமிடத்தில் முடித்தார். தனி ஆளாக அதை முடித்த முதல் இந்தியர் அவர்தான். 12 நாள் பயணத்தில் அவருக்கு மிஞ்சியது 5¼ மணி நேரம்! அதே ஆண்டு நாக்பூர் டாக்டர் அமித் சமர்த்தும் கெடுவுக்குள் முடித்தார். அவருக்கு மிஞ்சியது 3 மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு நீண்ட தூக்கம் தூங்கியிருந்தால் இருவர் பெயரும் பட்டியலில் இருந்திருக்காது.

அமிர்தாஞ்சன் பாலம்

மீண்டும் நம் மலைக்கு வருவோம். கண்டாலா அருகே 1830-ல் கட்டப்பட்ட பாலம் ஒன்று இருந்தது. அங்கே தைல விளம்பரம் வைக்கப்பட்டதால் 'அமிர்தாஞ்சன் பாலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2020-ல் அதை இடித்துவிட்டார்கள். கால் வலியோடு மலை ஏறுகிறவர்களுக்கு அந்தப் பெயர் இன்றும் பொருத்தம்தான்!

லோனாவாலா வந்ததும் ரெயிலின் பின் என்ஜின்களைக் கழற்றிவிடுவார்கள். சைக்கிள்காரருக்குக் கழற்றிவிட ஒன்றும் இல்லை. தண்ணீர் நிரப்பிக்கொள்கிறார். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்க்கிறார். உட்கார ஆசைதான். ஆனால் உட்காரவில்லை. மறுபடியும் ஏறி மிதிக்கிறார்.