ஆப்பிரிக்காவில் மருந்து எதிர்ப்புத்திறன் ஆய்வுப் பயிற்சிகள்

பாக்டீரியா முதலிய நுண்ணுயிரிகள் தம்மை அழிக்கும் மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் வளரும் நிலை மருந்து எதிர்ப்புத்திறன் எனப்படும். இதனை ஆராயும் ஆப்பிரிக்க அறிவியலாளர்களுக்குப் பல அமைப்புகள் நிதியுதவியுடன் கூடிய பயிற்சிகளை வழங்கி வருகின்றன.

தேவை

2022 இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வின்படி, 2019 இல் உலகில் சுமார் 12.7 இலட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக இறந்தனர். மக்கள்தொகை விகிதப்படி மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியிலேயே இறப்பு மிகுதி. அங்கு இலட்சத்துக்கு ஏறத்தாழ 27 பேர். ஆனால், 14 ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த மற்றோர் ஆய்வில், அங்குள்ள சுமார் 50,000 மருத்துவ ஆய்வகங்களுள் 1.3 விழுக்காடு மட்டுமே பாக்டீரியாச் சோதனை செய்வது தெரியவந்தது. சோதனை இல்லாத இடத்தில் மருத்துவர் ஊகத்தின் பேரிலேயே மருந்து தர நேர்கிறது. தவறான மருந்து நோயாளியைக் காப்பதில்லை; எதிர்ப்புத்திறன் பரவவும் வழிசெய்கிறது. கருவிகளை வாங்கினால் மட்டும் இக்குறை தீராது. அவற்றை இயக்கி முடிவுகளைப் படித்தறியப் பயிற்சி பெற்றோர் வேண்டும்.

முக்கியத் திட்டங்கள்

பிளெமிங் நிதியம்: 2015 இல் பிரித்தானிய அரசு அறிவித்தது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கின் பெயர் கொண்டது. இதன் ஆய்வுநல்கை பெற்றோர் தம் நாட்டிலேயே பணியில் இருந்தபடி வெளி நிறுவன வல்லுநர்களின் வழிகாட்டலைப் பெற்றனர்.

கானா பல்கலைக்கழக மையம்: தொற்றுக்கிருமிகளின் உயிரணுவியலுக்கான மேற்கு ஆப்பிரிக்க மையம் 2014 இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கப்பட்டது. முதுகலை, முனைவர், முனைவர்ப்பின் நிலைகளில் நல்கைகள் தருகிறது.

நைஜீரியா மையம்: எடே நகரின் ரிடீமர்சு பல்கலைக்கழகத்தில் உள்ள மையம் கிருமிகளின் மரபணுத்தொகுதியைப் படிக்கும் பயிற்சியை அளிக்கிறது.

பயிற்சியின் உள்ளடக்கம்

நோயாளியிடம் எடுத்த மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்தல், எம்மருந்துக்கு அது கட்டுப்படும் எனச் சோதித்தல், மரபணு வரிசையறிதல், கணினிவழிப் பகுப்பாய்வு ஆகியன கற்பிக்கப்படுகின்றன.

சிக்கல்கள்

பெரும்பாலான நிதி வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. 2025 இல் பிரித்தானிய அரசு பிளெமிங் நிதியத்துக்கான நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. நல்கை முடிந்தபின் பயிற்சி பெற்றவருக்கு உள்நாட்டில் நிலையான பணியும், சோதனைக்கு வேண்டிய வேதிப்பொருள்களும் கிடைக்காவிட்டால் பெற்ற பயிற்சி பயன்படாது போகும். எனவே, பயிற்சிக்கு இணையாக உள்நாட்டு அரசுகளின் தொடர்ந்த நிதி ஒதுக்கீடும் இன்றியமையாததாகிறது.